பரணில் கிடக்கும் பழைய வேட்டி: வீட்டிலேயே செய்யும் நான்கு பொருள்கள்

போகிக்கு முந்தின வாரம் பரணில் ஏறிப் பாருங்கள். கரை மட்டும் பளிச்சென்று இருக்கும் பழைய வேட்டி ரெண்டு, நடுவில் நைந்துபோன காட்டன் சேலை, பெயிண்ட் டப்பா, எண்ணெய் டின், ஓட்டை விழுந்த முறம், கட்டுக்கட்டாகப் பேப்பர் எல்லாம் இருக்கும். பாதி குப்பை வண்டிக்குப் போகும். கொஞ்சம் பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவரிடம் போகும். மிச்சம் விடியற்காலையில் தெருவில் எரியும்.

எரிப்பதில்தான் பிரச்சினை. 2018 போகியன்று புகை சூழ்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமானதும், சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். டயர், பிளாஸ்டிக், பாலியஸ்டர் துணி இவற்றை எரிக்காதீர்கள் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு ஆண்டும் கேட்டுக்கொள்கிறது. "சரிங்க, எரிக்கல, அப்போ என்ன பண்றது?" என்பது நியாயமான கேள்வி. அதற்கான பாடம்தான் இது. நான்கு பொருள்களைச் செய்யப் போகிறோம். புதிதாக வாங்க வேண்டியது நூலும் மஞ்சள்தூளும் கொஞ்சம் படிகாரமும் வெந்தயமும்தான். கைபேசியில் வரும் கைவினை வீடியோக்களில் பாதியில், ஒரு பழைய பாட்டிலை அழகாக்க நானூறு ரூபாய்க்கு பெயிண்டும் பசையும் வாங்கச் சொல்கிறார்கள். அது மறுபயன்பாடு இல்லை, ஷாப்பிங்.

முதலில் துணியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பழைய துணியில் எது பருத்தி, எது கலப்பு என்பது தெரியாமல் வேலையை ஆரம்பித்தால் பாதியில் நிற்கும். ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலை உருவி, தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் என்றால் சுருங்கி உருகி, கறுப்பாக ஒரு மணி மாதிரி கெட்டியாகிவிடும். இன்னொரு சோதனையும் உண்டு. ஓரத்தில் ஒரு வெட்டு கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தால் பருத்தி நேர்கோட்டில் கிழியும். பாலியஸ்டர் பெரும்பாலும் அடம்பிடிக்கும்.

வீட்டில் சரக்கு இல்லாதவர்கள் வெளியே வாங்கலாம். சென்னைக்காரர்களுக்கு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. மற்ற ஊர்களில் வாரச் சந்தையின் ஓரத்திலும் பழைய பேப்பர் கடையிலும் கிடைக்கும். துணி வாங்கினால் வீட்டுக்குள் கொண்டுவரும் முன் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காய வையுங்கள். மரச்சாமான் என்றால் மூட்டுகளையும் ஆணித் துளைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டைப்பூச்சி ஒரு ஸ்டூலோடு வந்தால் வீடு முழுக்கக் குடியேறிவிடும்.

ஒரு வேட்டி, இரண்டு மஞ்சப்பை

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. பலர் கவனிக்காத ஒன்று: துணி மாதிரியே தெரியும், இழுத்தால் நார்நாராக வரும் 'நான் ஓவன்' பையும் அந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது. அதுவும் பிளாஸ்டிக்தான். ஜவுளிக் கடையில் கொடுத்த பையைத் துணிப்பை என்று நம்பி மடித்து வைத்திருப்பவர்கள் நிறைய பேர்.

நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விரித்தால் சுமார் 72 அங்குல நீளம், 50 அங்குல அகலம் இருக்கும். கஞ்சி போட்டிருந்தால் முதலில் அலசி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்காருகிற இடம் நைந்து, சல்லடை மாதிரி தெரியும். அதனால்தான் ஒற்றை மடிப்பில் தைக்கக் கூடாது. இரண்டு மடிப்பாகத்தான் தைக்க வேண்டும்.

17 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் நான்கு துண்டு வெட்டுங்கள். வேட்டியின் நீளவாக்கில் இரண்டு, அகலவாக்கில் இரண்டு என்று நான்கும் வந்துவிடும். 16 அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம் நிற்கும். அதிலிருந்து 4 அங்குல அகலம், 20 அங்குல நீளத்தில் பட்டைகள் வெட்டினால் பையின் காதுக்கு ஆச்சு. இரண்டு பைக்கு நான்கு காது போதும். ஆனால் 12 வரை வெட்டலாம். மிச்சம் இருப்பதைப் பழைய பைகளுக்கு மாட்டிக்கொள்ளுங்கள். பை கிழிவதை விடக் காது அறுந்து போகிற கதைதான் அதிகம்.

இரண்டு துண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நைந்த இடம் நைந்த இடத்தின் மேல் வராமல் திருப்பிப் போடுங்கள். இதை மறந்தால் இரண்டு மடிப்பு போட்டும் பயனில்லை. நகராமல் இருக்கச் சுற்றிலும் ஒரு ஓட்டுத் தையல் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் அரை அங்குலம் ஒரு மடிப்பு, அதன் மேல் ஒரு அங்குலம் இன்னொரு மடிப்பு மடித்துத் தைத்தால் அது பையின் வாய். இப்போது நடுவில் பாதியாக மடியுங்கள்.

பக்கத் தையலில் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லோரும் உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரே தையலில் முடிப்பார்கள். நாலு தடவை துவைத்ததும் உள்ளே நூல் பிரிந்து வரும். அதற்குப் பதில் முதலில் வெளிப்பக்கம் வெளியே இருக்கும்படியே வைத்துக் கால் அங்குலத்தில் ஒரு தையல் போடுங்கள். பிறகு பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, அரை அங்குலத்தில் இன்னொரு தையல். பிசிறு முழுவதும் இரண்டு தையலுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தையல் மெஷின் இல்லாவிட்டால் கையால் கெட்டித் தையல் போடலாம். நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். இல்லையென்றால் தெருமுனை ஆல்ட்டரேஷன் கடையில் வெட்டிய துண்டுகளைக் கொடுத்துத் தைத்து வாங்குங்கள்.

பை உள்பக்கம் வெளியே இருக்கும்போதே கீழ் மூலை இரண்டையும் முக்கோணமாகத் தட்டி, முனையிலிருந்து 2 அங்குலம் தள்ளி ஒரு குறுக்குத் தையல் போடுங்கள். பைக்கு வயிறு வந்துவிடும். தக்காளியை அடியில் வைத்தாலும் நசுங்காது. காதுப் பட்டையை நான்காக மடித்து ஒரு அங்குல அகலத்துக்குத் தைத்து, பையின் வாயில் வைத்து, நான்கு பக்கமும் சதுரமாக ஒரு தையல், அதன் நடுவே பெருக்கல் குறி மாதிரி இரண்டு தையல். ஐந்து கிலோ அரிசியை இந்தப் பெருக்கல் குறிதான் தாங்குகிறது.

மஞ்சள் ஏற்றுவது விருப்பம். அரை மணி நேரம், 2 தேக்கரண்டி படிகாரம் கரைத்த வெதுவெதுப்பான நீரில் பையை ஊறவையுங்கள். வேறொரு பழைய பாத்திரத்தில் 5 லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் மஞ்சள்தூள் கரைத்துக் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பையைப் போட்டு அரை மணி நேரம் கிளறிவிடுங்கள். நிழலில் காய வையுங்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மஞ்சள் நிலையான சாயம் இல்லை. வெயில் பட்டால் வெளுக்கும். துணி சோப்பு பட்ட இடத்தில் செம்பழுப்பாக மாறிப் பயமுறுத்தும். சோப்பில் உள்ள காரத்தால் வருவது அது. எலுமிச்சைச் சாறோ புளித் தண்ணீரோ விட்டால் மறுபடி மஞ்சளாகும். பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள், ரொம்பப் பிடிக்கும். முதல் சில துவைப்புகளை மட்டும் தனியாகப் போடுங்கள். வெள்ளைச் சட்டையோடு போட்டுவிட்டு எங்களைத் திட்டக் கூடாது.

சேலையில் கால்மிதியடி

நல்ல சேலையைத் தொட வேண்டாம். தூளி கட்டும் அளவுக்கு மெத்தென்று இருக்கிற பழைய காட்டன் சேலை வீட்டில் குழந்தை வரும்வரை காத்திருக்கட்டும். அதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கியது மட்டும் போதும்.

சேலையின் ஓரத்தில் 2 அங்குலத்துக்கு ஒரு வெட்டு கொடுத்து, நீளவாக்கில் அப்படியே கிழித்துக்கொண்டு போங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், பருத்தி தானே நேராகக் கிழியும். ஐந்தரை மீட்டர் சேலையில் இருபது பட்டைக்கு மேல் கிடைக்கும். மூன்று பட்டையை ஒரு முனையில் சேர்த்துத் தைத்து, ஜன்னல் கம்பியில் கட்டி, ஜடை பின்னுவது போலப் பின்னுங்கள். ரொம்ப இறுக்கினால் மிதியடி கிண்ணம் மாதிரி குழியும். தளர்த்தினால் கால் விரல் மாட்டும். பட்டை முடிகிற இடத்தில் அடுத்ததை முடிச்சுப் போடாமல் தைத்து இணையுங்கள். முடிச்சு காலுக்கு உறுத்தும். மூன்று பட்டையும் ஒரே இடத்தில் முடியாமல், ஒன்றைக் கொஞ்சம் குட்டையாக வெட்டித் தொடங்கினால் இணைப்புகள் பரவலாக விழும்.

நீண்ட ஜடை தயாரானதும் தரையில் சுருட்டிக்கொண்டே போய், பக்கத்துப் பக்கம் கோணூசியால் தைத்து இணையுங்கள். மடியில் வைத்துத் தைக்காதீர்கள். தரையிலோ மேசையிலோ தட்டையாக வைத்துத் தைத்தால்தான் தட்டையாக வரும். ஒரு சேலைக்கு இரண்டு முதல் இரண்டரை அடி அகல வட்டம் கிடைக்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். பளபளப்பான டைல்ஸ் தரையில் துணி மிதியடி வழுக்கும். வயதானவர்கள் குளியலறை வாசலில் விழுந்து இடுப்பெலும்பு முறிவது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பதுதான். மிதியடியின் அடிப்பக்கம் பழைய சைக்கிள் டியூபைக் கீறி, கையளவு துண்டுகளாக நான்கு இடத்தில் தைத்துவிடுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் பழைய டியூப் கிடைக்கும். தைத்த பிறகு ஈரக் காலோடு நீங்களே ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு, அப்புறம் பெரியவர்கள் நடக்கும் இடத்தில் போடுங்கள். நைலான், பாலியஸ்டர் சேலையில் செய்தால் இன்னும் வழுக்கும். அதை அடுப்புப் பக்கம் போடவே கூடாது, தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

காகிதமும் வெந்தயமும்

மூங்கில் முறத்தில் இடுக்கு விழுந்தால் அதைத் தூக்கிப் போடும் வழக்கம் நம் பாட்டிகளுக்கு இல்லை. காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து முறத்தில் பூசிவிடுவார்கள். ரவை கூடச் சிந்தாது. அதே விழுதில் கூடையும் செய்வார்கள். வெந்தயம் ஊறினால் வரும் வழுவழுப்புதான் பசை. கடையில் வாங்கும் பசை எதுவும் வேண்டாம்.

செய்தித்தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து (வெட்டக் கூடாது, கிழித்தால்தான் நார் பிரியும்) மூன்று நாள் ஊறவையுங்கள். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் நாற்றம் எடுக்கும். நன்றாகப் பிழிந்து எடுத்த காகிதம் நான்கு கைப்பிடிக்கு, இரவு முழுக்க ஊறிய வெந்தயம் ஒரு கைப்பிடி சேர்த்து மையாக அரையுங்கள். சமையலுக்குப் பயன்படுத்தும் மிக்ஸி ஜாரில் அரைக்காதீர்கள், அச்சு மை ஒட்டும். பழைய ஜார் அல்லது கல்லுரலில் அரைக்கலாம். சப்பாத்தி மாவை விடக் கொஞ்சம் தளர்வாக வந்தால் பதம் சரி.

ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து, மேலே ஈரத் துணியை இழுத்துக் கட்டி, விழுதை அரை அங்குலக் கனத்துக்குத் தட்டுங்கள். முதல் நாள் நிழலில் வையுங்கள். நேரே வெயிலில் வைத்தால் வெடிக்கும். பாதி காய்ந்ததும் பாத்திரத்திலிருந்து கழற்றி, உள்பக்கமும் காய மூன்று நான்கு நாள் வெயிலில் வையுங்கள். மழைக்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள், காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். விரிசல் விட்டால் மிச்ச விழுதைத் தண்ணீரில் குழைத்து அடைத்துவிடலாம்.

இந்தக் கூடையில் வெங்காயம், பூண்டு, நூல்கண்டு, சாவி வைக்கலாம். முறுக்கு, வடை, சாதம் வைக்க வேண்டாம். அச்சுத்தாளில் உணவைப் பொட்டலம் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் ஆணையம் அறிவுறுத்தியிருக்கிறது. மை உணவில் இறங்கும் என்பதே காரணம், அரைத்த காகிதத்துக்கும் அது பொருந்தும். பாட்டி செய்தாரே என்று கேட்கலாம். முறத்தில் பூசியது புடைக்கிற தானியத்துக்கு, அதை எப்படியும் களைந்துதான் சமைப்போம்.

டப்பாவில் செடி

இது சுலபம் என்பதால் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். எண்ணெய் டின், பெயிண்ட் வாளி, உடைந்த பக்கெட் எதிலும் செடி வளரும். பெயிண்ட் வாளியில் கீரை, காய்கறி வேண்டாம், பூச்செடி போடுங்கள். டின்னின் வெட்டு விளிம்பை உள்பக்கமாகத் தட்டி மடக்குங்கள். அடியில் ஆணியால் ஐந்தாறு துளை போடுங்கள்.

அந்தத் துளைதான் முக்கியம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதை விட, டயர், தேங்காய்ச் சிரட்டை, டப்பா, பூந்தொட்டித் தட்டு இவற்றில் தேங்கும் தெளிந்த நீரில்தான் விரும்பி முட்டையிடும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். வண்ணம் அடித்து மாடியில் தொங்கவிட்ட டயர் பார்க்க அழகாக இருக்கும், உள்வளைவில் நிற்கும் மழைநீர் கண்ணுக்குத் தெரியாது. டயரில் செடி வைத்தே தீருவேன் என்றால் கீழ் வளைவில் பல இடத்தில் துளை போட்டு மண்ணால் நிரப்பிவிடுங்கள். தொட்டித் தட்டை வாரம் ஒருமுறை கவிழ்த்து, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போகாது. தெருவில் தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் சென்னையில் 1913-க்குச் சொல்லுங்கள். மற்ற ஊர்களில் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம்.

எதைத் தொடவே கூடாது

பூச்சிமருந்து டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. துளையிட்டு, நசுக்கி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியாகக் கொடுங்கள். இதைவிட ஆபத்தான மறுபயன்பாடு ஒன்று பல வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிறது: குளிர்பான பாட்டிலில் ஆசிட், பினாயில், தின்னர் ஊற்றி வைப்பது. குழந்தைக்கு அது குளிர்பானம்தான். தாகத்தில் வந்த பெரியவருக்கும் அப்படித்தான். வாங்கிய பாட்டிலிலேயே, மேல் அலமாரியில் பூட்டி வையுங்கள். தவறி யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். ஆசிட் மேலே வரும்போது இன்னொருமுறை சுடும். உடனே 108-ஐ அழையுங்கள், அந்த பாட்டிலையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கண்ணாடி பாட்டிலில் மண்ணெண்ணெய் நனைத்த நூலைச் சுற்றிப் பற்றவைத்து வெட்டும் வீடியோ நிறையச் சுற்றுகிறது. பத்தில் ஒன்று நேராக உடையலாம், மற்றது கையில் ஏறும். பாட்டிலை வெட்டாமல் அப்படியே வைத்து, உள்ளே பேட்டரியில் எரியும் சீரியல் விளக்கைப் போட்டாலே போதும், அழகாக இருக்கும். ஓரம் உதிரும் பழைய பெயிண்ட் உள்ள ஜன்னல், கதவை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூள் குழந்தைகளுக்கு நஞ்சு.

நாலு பேர் கேட்டால்

பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கும் ரெண்டு பை தைச்சுத் தாம்மா" என்று கேட்பதில்தான் பல தொழில்கள் ஆரம்பிக்கின்றன. விலை வைக்கும்போது வேட்டி இலவசம்தானே என்று உங்கள் நேரத்தையும் இலவசமாக்கிவிடாதீர்கள். ஒரு பைக்கு வெட்டித் தைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று கைபேசியில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு விலை சொல்லுங்கள்.

சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்டத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் விற்பனை வாய்ப்பு பற்றிக் கேளுங்கள். பூமாலை வணிக வளாகங்கள் குழுப் பொருள்களுக்காகவே உள்ளவை. தனியாகத் தொழில் தொடங்குபவர்கள் ஒன்றிய அரசின் உத்யம் தளத்தில் ஆதார் எண் கொண்டு பதிவு செய்யலாம். அதற்குக் கட்டணமே கிடையாது, எந்தத் தாளையும் பதிவேற்ற வேண்டியதும் இல்லை. தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் வரும் சில தனியார் பக்கங்கள் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசுப் பக்கம் இல்லை என்று மூடிவிடுங்கள்.

கைபேசியில் படம் போட்டு விற்க ஆரம்பித்ததும் ஒருவர் கூப்பிடுவார். விலை பேசவே மாட்டார். "மொத்தமா எடுத்துக்கிறேன், முன்பணம் அனுப்புறேன், இந்த கியூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க" என்பார். பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கு மட்டும்தான். யூபிஐயில் பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். ஏமாந்து போட்டுவிட்டால் கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்காமல் அந்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால் முடக்கி வைக்க வழி உண்டு. வங்கிக்கும் சொல்லுங்கள். அவர் அனுப்பிய குறுஞ்செய்தியையும் எண்ணையும் அழிக்காமல் வைத்திருங்கள்.